சாமி ஆட்டுக்கும் ரெசிட் பார்ப்பவள்

மலேசியாவின் ஈப்போ பக்கம், பத்து காஜா வட்டாரத்தில் கலாதேவிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. நேரில் சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், "சாமி ஆட்டுக்கே ரெசிட் பாக்குறவ" என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கழுத்தில் அந்த அட்டையை மாட்டிக்கொண்டு திரிகிறாள்.

சிவப்பு நாடா. அதில் பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டை. அட்டையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிப் பொடிக் கட்டங்கள், கீழே அவளுடைய முழுப் பெயர். ஆடு வாங்க வருகிறவர் கைப்பேசியை அதற்கு நேராகப் பிடித்து ஸ்கேன் செய்தால் பணம் அவள் கணக்குக்கு வந்துவிடும். தாலிக்கு மேல் இதைத் தொங்கவிட்டுக்கொண்டு கோயிலுக்கு வருகிறாளே என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சுளிக்கிற முகம் சுளிக்கட்டும். ஆட்டுக் கொட்டகைக் கம்பத்தில் ஒட்டிவைத்த முதல் அட்டையை ஓர் ஆடு தின்றுவிட்டது. இரண்டாவதைப் பத்திரமான இடத்தில் மாட்ட வேண்டாமா? அவள் கழுத்தைவிடப் பத்திரமான இடம் அந்தத் தோட்டத்தில் இல்லை.

அந்த நாடா வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

கலாதேவி பிறந்தது மேட்டுத் தோட்டம் என்கிற ரப்பர் தோட்டத்தில். பால்மரங்களை வெட்டிச் செம்பனை போட்டார்கள், லயத்து வீடுகளை இடித்தார்கள், ஜனங்கள் சிலிபின் அடுக்குமாடிக்கும் பத்து காஜா தாமான் வீடுகளுக்கும் சிதறிப் போனார்கள். கோயிலை ஒட்டி நின்ற ஏழெட்டு வீடுகள் மட்டும் தப்பின. அதில் ஒன்றில்தான் அவளும் அவள் புருஷன் பத்துமலையும் இருக்கிறார்கள். பத்துமலை சிம்பாங் பூலாய் மலைப்பக்கமிருந்து கல் லோரி ஓட்டுகிறவன். அவள் கையுறைக் கம்பெனியில் வேலை செய்தாள், ஒரு மாமாங்கத்துக்கும் மேலாக.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு லைனுக்கு ஒரே ஓர் அட்டை, சிவப்பு நாடாவில். கழிவறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து கழற்றிக் கொடுக்கும்வரை மற்ற பெண்கள் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பிள்ளை பெற்ற உடம்புகள், சர்க்கரை வியாதிக்காரிகள் எல்லாம் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே அச்சிலிருந்து கையுறை உரித்தார்கள். ஒருநாள் கலாதேவியால் காத்திருக்க முடியவில்லை. அட்டை இல்லாமல் போய்விட்டு வந்தாள். சூப்பர்வைசர் அத்தனை பேர் முன்னாலும் அவளை நிற்கவைத்து, "சின்னப் பிள்ளையா நீ?" என்று கேட்டான். வேலை முடிந்ததும் அந்த அட்டையை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டி வந்துவிட்டாள். மறுநாள் கம்பெனியிலிருந்து போன்.

"அட்டய கொண்டாந்து குடுத்துட்டுப் போ."

"வேணும்னா வந்து வாங்கிக்கங்க" என்று வைத்துவிட்டாள்.

ஒருவரும் வரவில்லை. வளையலை விற்று நாலைந்து ஆடு வாங்கினாள். இனிமேல் எதற்கும் எவனிடமும் கேட்டு நிற்பதில்லை என்று அன்றைக்கு எடுத்த முடிவுதான் அவளுக்கு முதல்.

ஆடு வளர்க்க எல்லாருக்கும் வரும், விற்கத்தான் வராது. கலாதேவிக்கு விற்க வந்தது. முகநூலில் ஒரு பக்கம் திறந்தாள். கிடாவை நிறுத்திக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே, பல்லைக் காட்டி, கொம்பைக் காட்டி, "பாத்துக்கங்க, நொண்டி இல்ல, நோய் இல்ல, கறுப்புல ஒரு வெள்ள மயிருகூட இல்ல" என்று பேசுவாள். முனியாண்டிக்கு நேர்ந்துகொள்கிறவர்களுக்கு முழுக் கறுப்புக் கிடா வேண்டும். அதைத் தேடி ஈப்போ முழுக்க அலைகிறவர்கள் அவள் பக்கத்தைப் பார்த்து மெசேஜ் அனுப்பினார்கள். முன்பின் தெரியாதவர்கள்தான். ஆனாலும் போனை எடுத்ததும் முதல் கேள்வி ஒன்றுதான்: "நீங்க எந்தத் தோட்டம்?" தோட்டத்தின் பேரைச் சொன்னால் போதும். ஓ, அங்கே எங்கள் சித்தப்பா இருந்தார், மாமா ஆபீஸில் கிராணி வேலை பார்த்தார் என்று பேச்சு ஓடும். ஓடி முடியும்போது அந்நியன் உறவுக்காரன் ஆகிவிடுவான். தோட்டங்கள் அழிந்து எத்தனையோ காலம் ஆகிறது. ஆனாலும் நம் ஆட்களுக்கு அடையாள அட்டையைவிட அதில்தான் நம்பிக்கை.

அவளைக் கவிழ்த்ததும் அந்தக் கேள்விதான்.

ஒருவன் நல்ல காடி ஓட்டிக்கொண்டு வந்தான். மஞ்சள் வேட்டி, கையில் காப்பு, நெற்றி நிறைய விபூதி. இரண்டு கறுப்புக் கிடா கேட்டு முதல் நாளே மெசேஜ் அனுப்பியிருந்தான்.

"எங்கப்பா இந்த மேட்டுத் தோட்டத்துல மண்டோரா இருந்தவருதான்க்கா" என்றான். ஆட்களை வேலை வாங்கிய மண்டோரின் மகன் என்றதும் கலாதேவி உடனே மைலோ கலக்கிக் கொடுத்தாள். எந்த மண்டோர், என்ன பெயர் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் எதையாவது சொல்லியிருப்பான்.

கைப்பேசியில் எதையோ தட்டி அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். பணம் அனுப்பிய ரெசிட். அவள் பெயர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. கணக்கு எண் சரி, தொகை சரி, மேலே பச்சை நிறத்தில் ஒரு டிக்.

"என் போன்ல ஒண்ணும் வரலையே தம்பி."

"இங்க லைன் இல்லலாக்கா. லேட்டாதான் காட்டும்." சொல்லிக்கொண்டே காடிக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டில் மஞ்சள் தண்ணீரை எடுத்து வந்து இரண்டு கிடாக்களின் தலையிலும் ஊற்றினான்.

இந்த வழக்கத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நேர்ந்துவிட்ட ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பித் தலையை ஆட்டினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அந்த நொடியிலிருந்து அது சாமியுடைய ஆடு. அதற்குப் பிறகு அதைத் திருப்பிக் கேட்பதோ, அதை வைத்துப் பணப் பேச்சு பேசுவதோ ஆகாது. தண்ணீர் ஊற்றினால் எந்த ஆடும் சிலுப்பத்தான் செய்யும். அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அது சிலுப்பும்வரை பெரிய மனிதர்கள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள்.

இரண்டும் சிலுப்பின. மஞ்சள் தண்ணீர் கலாதேவியின் முகத்தில் தெறித்தது. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். கிடாக்களைத் தூக்கி ஏற்றவும் கை கொடுத்தாள். காடி போய்விட்டது.

பணம் அன்றைக்கும் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. அவன் எண் செத்துப்போனது. பணம் போனதைக்கூட அவள் ஒருவழியாகப் பொறுத்துக்கொண்டாள். திருட்டுப் பயலுக்குக் கிடாவைத் தூக்கிவிட்டுக் கும்பிடும் போட்டோமே என்பதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

"விடுலா" என்றான் பத்துமலை. "சாமி பேரச் சொல்லி எடுத்துட்டுப் போயிட்டான். அத சாமி பாத்துக்கும்."

"சாமி பாத்துக்கும். தவிடு யாரு வாங்கித் தருவா?"

தோட்டத்தில் எல்லாரும் பத்துமலை கட்சி. உத்தரவு கொடுத்த ஆட்டைப் பற்றிப் போலீசுக்குப் போனால் குடும்பத்துக்கு ஆகாது என்றார்கள். அவள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே பத்து காஜாவுக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். எழுதிக்கொண்ட மலாய்ப் பெண் போலீஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: ரெசிட்டை யாருடைய போனில் பார்த்தீர்கள், அவனுடையதிலா, உங்களுடையதிலா? கலாதேவி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள். அவன் போனில் அவன் எதை வேண்டுமானாலும் காட்டலாம். வானத்தில் இரண்டு நிலா இருப்பதாகக்கூடக் காட்டலாம்.

அந்த வாரமே பத்துமலை தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். முதுகு வலியால் லோரி ஓட்டம் குறைந்திருந்தது. "திருவிழா வரைக்கும் பாப்போம் கலா. அதுலயும் இப்படி ஆச்சுன்னா இருக்கறத வித்துட்டுப் பேசாம கம்பெனி பஸ்ஸுல ஏறிடு. ஆள் இல்லாம கெடக்கறானுங்க, உன்னயும் எடுத்துக்குவானுங்க. நான் கேட்டுட்டேன்."

அவனே போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். அது அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் கணக்குப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பில்லை. இன்னொரு அடி விழுந்தால் கொட்டகை தாங்காது. அன்று முழுக்க அவள் கண் முன்னால் சிவப்பு நாடாவும், அதைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நிற்கும் பெண்களும்தான்.

மறுநாள் பழைய பெட்டியைக் கிளறி அந்த நாடாவை எடுத்தாள். கம்பெனி அட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டாள். வங்கியில் மறுபடி கேட்டு வாங்கிய கியூ ஆர் அட்டையை அதில் கோத்தாள்.

அதிலிருந்து அவள் வியாபாரம் வேறு மாதிரி ஆனது. தோட்டத்துப் பழைய தண்ணீர்த் தொட்டி இருந்த சிமெண்டு மேடைமேல் ஏறி நின்றால் லைன் நன்றாகக் கிடைக்கும். வாங்குகிறவர் யாராக இருந்தாலும் அங்கே வர வேண்டும். ஸ்கேன் செய்ய வேண்டும். அவள் தன் போனில் வங்கிக் கணக்கைத் தானே திறந்து, பணம் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் கயிறு கை மாறும், அதற்குப் பிறகுதான் மஞ்சள் தண்ணீர். எவராவது லிங்க் அனுப்பி இதை அமுக்குங்கள் என்றால் அமுக்க மாட்டாள். ரெசிட்டைப் படம் பிடித்து அனுப்பினால், "படம் நல்லா இருக்கு" என்று பதில் போட்டுவிட்டு ஆட்டுக்குத் தழை போடப் போய்விடுவாள்.

ஜனங்களுக்குக் கோபம் வந்தது. நம் ஆட்களையே நம்ப மாட்டாளாமா? மேட்டுத் தோட்டத்துப் பிள்ளையா இவள்? சிலிபினிலிருந்து வந்த ஒருவர் மேடைமேல் ஏற மறுத்துத் திரும்பிப் போனார். போகட்டும் என்று விட்டாள். உள்ளுக்குள் வலித்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

இதற்கிடையில் டோரிஸ் என்ற ஒரு பெண்மணி வந்து கத்தினாள். கிறிஸ்துமஸுக்கு ஆடு வேண்டும் என்று முகநூலில் பார்த்து, ஆட்டை நேரில் பார்க்காமலே முன்பணம் போட்டிருக்கிறாள். பணத்தை வாங்கிய ஆள் போன இடம் தெரியவில்லை. படத்தில் இருந்த கொட்டகையை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"இது உங்க ஆடுதானே? என் காசு எங்க?"

கலாதேவி அவள் போனை வாங்கிப் பார்த்தாள். ஆடு அவளுடையது, கொட்டகை அவளுடையது, பெயரும் கணக்கும் வேறு எவனுடையதோ. அவள் படத்தைத் திருடி எவனோ கடை விரித்திருக்கிறான். தன் போனையும் அந்தப் பெண்மணியின் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் டோரிஸ் அடங்கினாள். அடங்கியவள் ஆட்டுத்தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். கலாதேவிக்கு அவளைப் பார்த்துப் பாவமாகவும், அந்த முகம் தெரியாதவனை நினைத்து எரிச்சலாகவும் இருந்தது. அன்றே தன் பக்கத்தில் எழுதினாள்: ஆட்டை நேரில் பார்க்காமல் யாருக்கும் ஒரு காசும் போடாதீர்கள். எனக்கும் போடாதீர்கள். நான் முன்பணம் கேட்டால் அது நான் இல்லை.

தனக்கே பணம் போடாதே என்று விளம்பரம் செய்கிற வியாபாரி உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்று பத்துமலை தலையில் அடித்துக்கொண்டான்.

திருவிழா வந்தது. முனியாண்டிக்கு வருஷாந்திரப் பூசை, மூன்று கிடா. அந்த மூன்றும்தான் அவளிடம் மிச்சமிருந்த பெரிய கிடாக்கள். கோயில் தலைவர் கனகராஜ், ஈப்போவில் காப்புறுதிப் பாலிசி விற்கிறவர், வாய் நிறையப் பேசுவார். கெட்ட மனிதர் இல்லை, பெரிய மனிதராகத் தெரிய வேண்டும் என்கிற ஆசை மட்டும் கொஞ்சம் தூக்கல். அந்த வருஷம் அவருக்கு ஒரு புரவலர் கிடைத்திருந்தார். கோயிலின் முகநூல் பக்கத்தில் தானாக மெசேஜ் அனுப்பியவர். கோலாலம்பூரில் தொழில், அப்பா மேட்டுத் தோட்டத்தில் பிறந்தவர், மூன்று கிடாவும் என் உபயம் என்றாராம். கனகராஜ் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் கோட்டு போட்ட படத்தைக் கேட்டு வாங்கிப் பேனர் அடித்துவிட்டார். பேனரில் முனியாண்டியைவிட அந்த ஆள் பெரிதாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கலாதேவி மூன்று கிடாக்களையும் குளிப்பாட்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். கழுத்தில் அட்டை. கோயில் முன்னால் நல்ல கூட்டம். உருமி மேளக்காரர்கள் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். கனகராஜ் சிரித்துக்கொண்டே கைப்பேசியை நீட்டினார்.

"தங்கச்சி, ஒனக்கு வேலையே வைக்கல. அவரு நேரா ஒன் அக்கவுண்டுக்கே போட்டுட்டாரு. பாரு, ஒன் பேரு, ஒன் நம்பரு. ஆட்டு வெலைக்கு மேலயே போட்டுருக்காரு. மேளக்காரங்களுக்கும் சேத்தாம். கூட இருக்கறத மட்டும் இந்த நம்பருக்கு நீ அனுப்பிடு."

கலாதேவி பார்த்தாள். எழுத்துப் பிசகாத பெயர், பச்சை டிக். பழைய முள் மறுபடி குத்தியது.

"ரெசிட் அழகா இருக்குண்ணே. என் போன்ல வரட்டும், அப்பறம் பாப்போம்."

"அட, காசு எங்க போயிடப் போவுது? நேரமாவுது பாரு." பூசாரியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். பூசாரி தயாராகக் குடத்தோடு நின்றவர். அவள் திரும்புவதற்குள் முதல் கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீரைச் சாய்த்துவிட்டார்.

கிடா கொம்பு முதல் வால் வரை சிலுப்பித் தலையை ஆட்டியது. பெண்கள் குலவையிட்டார்கள். உருமி முழங்கியது. கனகராஜ் இரண்டு கையையும் விரித்தார்.

"முடிஞ்சது. சாமியே வாங்கிகிச்சு. இனிமே என்னா பேச்சு? கயித்த விடு தங்கச்சி."

கலாதேவி கயிற்றை விடவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றிக் கையில் இறுக்கினாள்.

"ஆடு தலையாட்டிருச்சுண்ணே. என் பேங்க் இன்னும் ஆட்டல."

உருமி நின்றது. கூட்டத்தில் ஒரு கிழவர், "பாவம் புடிக்கும், பாவம் புடிக்கும்" என்றார். முனியாண்டியை நம்பாதவள் இல்லை அவள். பிள்ளை இல்லாத ஏக்கத்தை அவரிடம்தான் அழுதிருக்கிறாள், வீடு தப்பியதற்கு அவருக்குத்தான் சுருட்டு வைத்திருக்கிறாள். சாமியின் அருவாளைப் பார்த்தாள். நீ காவல்காரன், உன் பொருளை எவனாவது பொய் சொல்லி எடுத்துப் போனால் விடுவாயா, நானும் விட மாட்டேன் என்று மனசுக்குள் சொன்னாள்.

மூன்று கிடாவையும் இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேடைக்கு நடந்தாள். மஞ்சள் சொட்டச் சொட்ட அந்தக் கிடாவும் நடந்தது. கூட்டமும் பின்னாலேயே போனது, சிலர் சண்டை போட, பலர் வேடிக்கை பார்க்க. மேடையில் ஏறிக் கணக்கைத் திறந்து, கைப்பேசியை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தாள். ஒன்றும் ஏறவில்லை.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமலா" என்றார் கனகராஜ். குரலில் பழைய தெம்பு இல்லை. "பேங்க் லீவு."

"பேங்குக்கு லீவு. அந்த ரெசிட்டுக்கு மட்டும் லீவு இல்லையா? சரிண்ணே, நாளைக்கு வரட்டும். நாளைக்கு ஆடு தாரேன்."

கனகராஜ் புரவலருக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஆனால் மெசேஜ் வந்தது. அவர் அதை வாய்விட்டே படித்துவிட்டார்: மிச்சத்தை அனுப்பியாச்சா, மேளக்காரர் காத்திருக்கிறாராம், சீக்கிரம்.

கலாதேவி மேடைமேலிருந்தே உருமிக்காரரைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணே, நீங்க காசுக்குக் காத்திருக்கீங்களா? அது உங்க நம்பரா?"

உருமிக்காரர் எட்டிப் பார்த்தார். "எங்களுக்கு அக்கவுண்டே இல்லக்கா. கையிலதான் வாங்குவோம்."

கூட்டம் கனகராஜைப் பார்த்தது. கனகராஜ் தரையைப் பார்த்தார். அவர் மறுபடி போன் போட்டபோது அந்த எண் அணைந்திருந்தது. தூரத்தில் பேனரில் கோட்டு போட்டவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதோடு முடிந்திருந்தால் லேசாகப் போயிருக்கும். முடியவில்லை. உத்தரவு வாங்கிய ஆடு நிற்கிறது, பூசை நிற்கிறது. ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். ஏமாற்றினவன் எவனோ, அதற்குச் சாமி என்ன செய்யும்? இப்போது கொடுத்துவிடு, அடுத்த மாதம் வசூல் பண்ணித் தருகிறோம். நம்ம கோயில், நம்ம சாமி.

"சாமி நம்மது" என்றாள் கலாதேவி. "ஆடு என்னது."

கனகராஜ் பத்துமலையைத் தேடிப் பிடித்தார். "நீயாச்சும் சொல்லேன்யா ஒன் பொண்டாட்டிகிட்ட."

பத்துமலை கூட்டத்தின் ஓரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். விடுலா என்று சொல்லியே பழகிய வாய். கலாதேவி அவனைப் பார்த்தாள். அவன் இப்போது அந்த வார்த்தையைச் சொன்னால், கிடா போவது மட்டுமில்லை, நாளைக் காலையில் பஸ்ஸிலும் அவள்தான் ஏற வேண்டும். பத்துமலை அவளைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

"ஆடு அவளது. அவகிட்டயே கேளுங்க" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். கல்யாணமான நாளிலிருந்து அவன் பேசியதிலேயே அவளுக்குப் பிடித்த பேச்சு அதுதான்.

கனகராஜ் பிறகு நிர்வாகத்தினர் இரண்டு பேரை அழைத்துக் குசுகுசுவென்று பேசினார். தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறினார். அட்டை அவள் கழுத்தில் இருந்ததால் ஸ்கேன் செய்யக் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது. குனிந்தார். கலாதேவி நாடாவைக் கழற்றி நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை.

அவள் போனில் மணி அடித்தது.

"வந்துருச்சுல்ல?" என்றார்.

"இருங்கண்ணே. மணி யாரு போன்லயும் அடிக்கும்." கணக்கைத் திறந்து பார்த்தாள். ஏறியிருந்தது. அதற்குப் பிறகுதான் மூன்று கயிற்றையும் அவர் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் குரல் இறங்கியது. "ஒங்கமேல எனக்குக் கோவம் இல்லண்ணே. எனக்கும் இதே மாதிரிதான் காட்டுனான். நான் கும்புட்டு ஏத்திவிட்டேன். நாளைக்கு பத்து காஜாவுல ரிப்போர்ட் குடுங்க. நானும் வாரேன்."

கனகராஜ் தலையை ஆட்டினார். கிடாவை இழுத்துக்கொண்டு இறங்கப் போனவரை அவள் நிறுத்தினாள்.

"பூசாரி, மறுபடியும் தண்ணி ஊத்துங்க. முன்ன ஊத்தினப்ப அது ஒங்க ஆடு இல்ல. அடுத்தவ ஆட்டுக்கு வாங்குன உத்தரவு செல்லாது."

குடத்தோடு கூடவே வந்திருந்த பூசாரி கனகராஜைப் பார்த்தார். கூட்டத்தில் முதல் முறையாக யாரோ, "அது நாயம்தான்" என்றார்கள். பாவம் பிடிக்கும் என்ற அதே கிழவர்தான். பூசாரி குடத்தைச் சாய்த்தார்.

கிடா அசையவில்லை. ஏற்கெனவே நனைந்த ஆடு, தண்ணீர் வழிய வழிய மரம் மாதிரி நின்றது. உருமிக்காரர் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தார். குலவையிட வாயெடுத்த பெண்கள் அப்படியே நின்றார்கள். கனகராஜின் நெற்றியில் வியர்வை வழிந்தது. எல்லாருடைய பார்வையும் கலாதேவி பக்கம் வந்தது.

"அவசரப்படுத்தாதீங்க" என்றாள் அவள். "அதுவும் செக் பண்ணட்டும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிடா நின்று நிதானமாக ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு சிலுப்பியது பார், கனகராஜின் வெள்ளைச் சட்டை முழுக்க மஞ்சள். உருமி இடித்தது. கலாதேவி இந்தத் தடவையும் கையெடுத்துக் கும்பிட்டாள். இந்தக் கும்பிடு அவளுக்கு உறுத்தவில்லை.

திங்கட்கிழமை காலையில் கம்பெனி பஸ் தோட்டத்து முக்கில் வந்து நின்றது. பத்துமலை கேட்டு வைத்ததை வேண்டாமென்று சொல்ல மறந்திருந்தான். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். கலாதேவி தண்ணீர்த் தொட்டி மேடைமேல் நின்றிருந்தாள். கழுத்தில் சிவப்பு நாடா. போனில் சிம்பாங் பூலாயிலிருந்து முகம் தெரியாத எவரோ கேட்டிருந்தார்: அக்கா, படத்தில் இருக்கும் பெட்டை ஆடு எனக்கு வேண்டும், முன்பணம் இப்போதே போட்டுவிடவா?

"வேணாம்" என்று தட்டினாள். "வந்து ஆட்டப் பாருங்க. புடிச்சா போடுங்க."

பஸ் இன்னொரு தரம் ஹாரன் அடித்தது. அவள் அங்கே நின்றபடியே கையை வீசிப் போகச் சொன்னாள். பஸ் போய்விட்டது.